கப்பல் ஏறும் நாள்: சவுத்தாம்ப்டனில் அம்மாவோடு ஒரு சனிக்கிழமை

சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கடலைக் காண முதல் கப்பலைத்தான் காண்பீர்கள். நான்காம் இலக்க வாசலால் கார் உள்ளே திரும்பியதும் தெரு முடிவில் பதினைந்து மாடி வெள்ளைக் கட்டடம்போல ஒன்று நிற்கிறது. மாடிக்கு மாடி பல்கனி, பல்கனிக்கு இரண்டு கதிரை. எங்கள் ஆறு வயது மகள் அதை ஹோட்டல் என்றே நினைத்துவிட்டாள். "அப்ப கப்பல் எங்கை?" என்று கேட்டாள்.

கப்பலின் பெயர் அயோனா. நீளம் 344 மீற்றர். 5,200 பயணிகள் வரை போகலாம், அவர்களுக்கு வேலை செய்ய 1,800 பேர் அளவில் இருக்கிறார்கள். கோடையில் நோர்வேயின் ஃபியோர்டுகளுக்குப் போய்வர ஒரு கிழமை. போன கிழமை ஏறியவர்கள் சனிக்கிழமை விடிய இறங்க, அதே நாள் மத்தியானம் நாங்கள் ஏறுகிறோம். இடையில் உள்ள சில மணித்தியாலங்களுக்குள் அத்தனை அறைகளும் துப்புரவாகி, ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமானும் உள்ளே போய்விடுகிறது.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், பதினொரு வயது மகன், ஆறு வயது மகள், அறுபத்தாறு வயது அம்மா. நோர்வேயின் மலைகளையும் நீர்வீழ்ச்சிகளையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஏறும் நாளை மட்டும் எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போகிற எங்களைப் போன்றவர்களுக்கு, பயணத்தில் ஆகக் கடினமான நாள் அதுதான். எங்கள் வீட்டுக்கு அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்கிறேன்.

பெட்டி கட்டும்போதே

அம்மாவை இந்தப் பயணத்துக்குச் சம்மதிக்கவைக்க இரண்டு வருடம் எடுத்தது. "கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பது அவருடைய நிரந்தரப் பதில். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் பாரிஸ் லாச்சப்பலில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் என்றால், மற்றக் குடும்பங்கள் டோவரில் கப்பல் ஏறும். நாங்கள் கடலுக்கடியால் போகும் ரயிலில்தான் போவோம். தலைச்சுற்று, வாந்தி ஏதோ என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கடைசியில் பேரப்பிள்ளைகள் கேட்டபோது மறுக்க முடியாமல் ஓம் என்றார்.

ஓம் என்றவர் பெட்டி கட்டத் தொடங்கினார். ஒரு சின்ன ரைஸ் குக்கர், கற்பூரம், சாம்பிராணிக் குச்சி, இரண்டு கிலோ புட்டு மா. முதல் நாள் இரவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். சூடாகும் மின்சாதனம் எதுவும் கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். அயன் பெட்டியும் அப்படித்தான். மெழுகுதிரி, ஊதுபத்தி, கற்பூரம் போன்ற நெருப்புப் பற்றவைக்கும் பொருள்களுக்கும் இடமில்லை. நடுக்கடலில் கப்பலுக்கு ஆகப் பெரிய பயம் தண்ணீரை விட நெருப்புத்தான். அம்மா வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். "சரிதான், கப்பலிலை நெருப்புப் பிடிச்சால் எங்கை ஓடுறது?" என்று சொல்லி, கற்பூரப் பெட்டியைத் தானே எடுத்துச் சாமித் தட்டில் திருப்பி வைத்தார். பிள்ளையார் படம் மட்டும் கைப்பையில் வந்தது.

கைப்பை என்பது அன்றைக்கு முக்கியமான சாமான். பெரிய சூட்கேஸ்களைத் துறைமுக வாசலிலேயே சுமை தூக்குபவர்கள் வாங்கிவிடுவார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேரப் பின்னேரம் ஆகிவிடும். எங்களுடையது ஐந்து மணிக்குத்தான் வந்தது. ஆகவே பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, கண்ணாடி, பிள்ளைகளின் நீச்சல் உடுப்பு, ஒரு மாற்று உடுப்பு, பாஸ்போர்ட்டுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நீச்சல் உடுப்பை மறந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தண்ணீர்த் தொட்டி கண்முன்னால் இருக்கும், உடுப்பு பெட்டிக்குள் இருக்கும்.

வீட்டில் சமைத்த சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாது. கடையில் வாங்கிய, உடைக்காத மிக்சர் பக்கெற் போகலாம். அம்மா விடிய நாலு மணிக்கு அவித்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் எம்3 நெடுஞ்சாலையில் ஃப்ளீற் தரிப்பிடத்தில் காரை நிறுத்திச் சாப்பிட்டு முடித்தோம். அது நல்லதாகவே போயிற்று. கப்பலில் ஏறியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டு மாடிக்குத்தான் ஓடுவார்கள். எங்களுக்குப் பசி இல்லாததால் கூட்டம் குறையும்வரை இருக்க முடிந்தது.

ஐந்து பேர், மூன்று குடும்பப் பெயர்

எங்களுக்குக் கிடைத்த ஏறும் நேரம் மத்தியானம் பன்னிரண்டரை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரம் குறித்துக் கொடுப்பதால் கூட்டம் பகுதி பகுதியாக நகரும். அதற்கு முதல் வந்தால் வெளியே காத்திருக்க வேண்டும்.

உள்ளே முதலில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது ஒரு சின்னச் சோதனை. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் என் அப்பாவின் பெயர். எனக்கும் அதே. கணவருக்கு அவருடைய அப்பாவின் பெயர். பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர். ஆக ஐந்து பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். அப்பாவின் பெயரைப் பின்னால் போடுவது எங்கள் வழக்கம் என்பது எங்களுக்கு இயல்பு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு, என் பெயருக்கும் என் மகளின் பெயருக்கும் ஒரு எழுத்துக்கூட ஒத்துவரவில்லை.

மேசையில் இருந்த பெண்மணி மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார், பிள்ளைகளின் தாய் யார் என்று. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை நீட்டினேன். அரை நிமிடத்தில் முடிந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் வேறு குடும்பப் பெயர் என்றால் அந்தப் பிரதிகள் எப்போதும் பையில் இருக்கட்டும். தாய் மட்டுமோ தகப்பன் மட்டுமோ பிள்ளைகளோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் இருப்பது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் வலயத்துக்குள் இருக்கிறது. ஆகவே பிரிட்டிஷ் பாஸ்போர்ட் போகும் நாளில் பத்து வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் என்பதையும் பாருங்கள். ஊரிலிருந்து வந்து நிற்கும் பெரியம்மாவோ மாமாவோ இலங்கைப் பாஸ்போர்ட்டில் வருவதென்றால் ஷெங்கன் விசா வேண்டும். கப்பலை விட்டு இறங்கப்போவதில்லை என்றாலும் கேட்பார்கள். பதிவு செய்ய முன்னரே விசாரியுங்கள்.

அதன் பிறகு விமான நிலையத்தில் போலப் பைகளையும் ஆட்களையும் சோதிக்கும் இடம். பிறகு கண்ணாடி பதித்த நீண்ட சாய்பாதை. மகன் ஓடினான். அம்மா சாய்பாதையின் நடுவில் ஒருமுறை நின்று, கீழே கப்பலுக்கும் கரைக்கும் இடையில் இருந்த பச்சைத் தண்ணீரைப் பார்த்தார். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் கையைப் பிடித்தேன். ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

எதிர்ப்பக்கத்துத் துறை

அறைகள் ஆயத்தமாகும்வரை மேல் தளத்துக்குப் போனோம். மகன் பாடசாலையில் டைட்டானிக் படித்தவன். கப்பல் என்றால் அவனுக்கு முதலில் வருவது அதுதான். "இந்த ஊரிலிருந்துதானே போனது, எந்த இடம்?" என்று தகப்பனைக் கேட்டான். அவர் கைதடியில் சாய்ந்துகொண்டு கீழே காட்டினார். எங்கள் கப்பல் கட்டியிருந்த அதே நீர்த்தொட்டியின் மற்றப் பக்கம். 1912 ஏப்ரல் 10ஆம் திகதி டைட்டானிக் வெளிக்கிட்டது அங்கிருந்துதான். இப்போது பார்க்க அதில் எதுவும் இல்லை, ஒரு கொங்கிரீட் கரையும் சரக்குகளும்தான்.

அந்தக் கப்பலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் இந்த ஊர்க்காரர். நகர நடுவில் இருக்கும் சீசிற்றி அருங்காட்சியகத்தில் அவர்களின் கதைகள் இருக்கின்றன. நேரம் இருந்தால் முதல் நாளே வந்து பார்க்கலாம்.

மகன் கணக்குக் கேட்கிற பிள்ளை. அதில் 2,200 பேர் அளவில் இருந்தார்கள், உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம் இருந்தது என்று சொன்னேன். உடனே, இந்தக் கப்பலில் எத்தனை என்று கேட்டான். நல்ல கேள்வி. டைட்டானிக்குக்குப் பிறகு 1914இல் நாடுகள் கூடிக் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு உடன்படிக்கை செய்தன. அது காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இப்படியான கப்பலில் ஏறிய எல்லோருக்கும் படகுகளிலும் மிதவைகளிலும் இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் 25 வீதம் பேருக்கு மிதவைகளும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிள்ளை அளவில் ஒரு லைஃப் ஜக்கெட் இருக்க வேண்டும். அவன் தளத்தின் ஓரத்தால் எட்டி, கீழே தொங்கும் செம்மஞ்சள் படகுகளை எண்ணத் தொடங்கினான். அம்மாவும் பக்கத்தில் போய் நின்று எண்ணினார்.

எங்களை எண்ணிய இடம்

ஏறிய அன்றே ஒவ்வொருவரும் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்ற ஒத்திகை. உங்கள் அறை அட்டையில் ஒரு எழுத்து இருக்கும். எங்களுக்கு பி. அந்த எழுத்துக்குரிய மண்டபத்துக்குப் போக வேண்டும். அறைத் தொலைக்காட்சியில் ஒரு விளக்கப் படம் ஓடும். அதைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்குப் போனால் அட்டையைக் கருவியில் தட்டி உங்கள் பெயரைப் பதிவார்கள். லைஃப் ஜக்கெட் எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். அதுதான் ஆபத்துக்கான ஒலி. பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பாடமாகிவிடும், ஒரு கிழமை முழுவதும் ஊதிக்கொண்டே திரிவார்கள்.

பல பேர் இதை ஒரு தொந்தரவாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் கப்பல் வெளிக்கிட்டு 24 மணித்தியாலத்துக்குள் ஒத்திகை செய்தால் போதும் என்று இருந்தது. 2012 ஜனவரி 13ஆம் திகதி இரவு கொஸ்ரா கொன்கோர்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜில்யோ தீவோரம் பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் வெளிக்கிட முன் அல்லது வெளிக்கிட்ட உடனேயே இது முடிந்துவிட வேண்டும்.

நாங்கள் மூன்று மணியளவில் போனோம். வாசலில் கோவாவைச் சேர்ந்த ஒரு இளைஞர் கருவியோடு நின்றார். ஒவ்வொரு அட்டையையும் தட்டி, திரையில் வந்த பெயரை வாசித்து, முகத்தைப் பார்த்து, அடுத்தவரைக் கூப்பிட்டார். அம்மாவின் நீளமான பெயரை இரண்டு துண்டாக உடைத்து வாசித்தார். அம்மா நகரவில்லை.

"எல்லாரையும் இப்பிடித்தான் எண்ணுவாங்களோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் அம்மா. ஒருத்தர் குறைஞ்சாலும் தேடுவினம்."

உள்ளே போய் ஒரு வரிசையில் இருந்தோம். லைஃப் ஜக்கெட்டைப் பார்த்ததும் மகளுக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. அம்மம்மாவின் மடியில் ஏறினாள். "அம்மம்மா, உங்களுக்குப் பயமில்லையோ? நீங்கள் முதல் கப்பலிலை வந்தனீங்களோ?"

"வந்தனான்" என்றார் அம்மா. "ஒருக்கா வந்தனான்."

அதுவரை நான் கேட்டிராத கதையை அந்த மண்டபத்தில், சுற்றிவர ஆட்கள் கதைத்துக்கொண்டிருக்க, அம்மா ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். 1983 ஜூலைக் கலவரத்தின்போது அம்மா குடும்பம் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். வீடு போனதும் தெரியும். பாடசாலை ஒன்றில் அகதி முகாமில் இருந்ததும் தெரியும். அதன் பிறகு "யாழ்ப்பாணம் வந்தனாங்கள்" என்ற ஒரு வசனத்தோடு கதை எப்போதும் முடிந்துவிடும். எப்படி வந்தார்கள் என்று எவரும் சொன்னதில்லை.

"சாமான் ஏத்திற கப்பல். இருக்கக் கதிரை இல்லை, கூரை இல்லை. சனம் தளத்திலை நிலத்திலை இருந்தது. கொழும்பிலையிருந்து காங்கேசன்துறைக்கு நேர போகேலாது, நடுவிலை ஆழமில்லை. தீவைச் சுத்தித்தான் போகோணும். இரண்டு ராத்திரி."

மகள் கேட்டாள், "லைஃப் ஜக்கெட் இருந்ததோ?"

"இல்லை, குஞ்சு."

"உங்களை எண்ணினவையோ?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லை. ஆர் ஏறினது, ஆர் இறங்கினது எண்டு ஒருத்தரிட்டையும் பேர் இல்லை. முதல் ராத்திரி தம்பியைக் காணேல்லை. பத்து வயதுப் பொடியன். பக்கத்திலைதான் படுத்திருந்தவன், முழிச்சுப் பாத்தால் ஆளில்லை. இருட்டு. நான் சனத்துக்கு மேலாலை கடந்து கடந்து பேர் சொல்லிக் கூப்பிட்டன். எத்தினை பேரை மிதிச்சனோ தெரியாது. அம்மா கடலைப் பாத்துக்கொண்டு நிண்டவ. விடியத்தான் கண்டது. குளிருக்கு வேறை ஒரு குடும்பத்துக்குள்ளை போய்ப் படுத்திருக்கிறான். அவையள் தங்கடை போர்வையாலை மூடி விட்டிருக்கினம்."

மகன் அதுவரை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது திரும்பி, "ரொறன்ரோ மாமாவோ?" என்றான்.

"ஓம், அவர்தான்."

எங்கள் ரொறன்ரோ மாமாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, கலியாண வீடுகளில் ஆகச் சத்தமாகச் சிரிப்பவர். பிள்ளைகளுக்கு அவரைப் பத்து வயதில் யோசித்துப் பார்க்க ஏலவில்லை. மகள் மடியை விட்டு இறங்கி, அம்மம்மாவின் அட்டையை வாங்கி அதில் உள்ள பி என்ற எழுத்தைத் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் ஐந்து பேரின் அட்டைகளையும் வாங்கிப் பார்த்தாள்.

எங்கள் தலைமுறைக்கு இந்தக் கதைகளில் பாதி அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது. கேட்டால் அம்மாக்கள் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கும்போது நாங்கள் இடையில் அழுதுவிடுவோமோ என்று அவர்களுக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் நேராகக் கேட்கிறார்கள், லைஃப் ஜக்கெட் இருந்ததா என்று. அப்படியான கேள்விக்குப் பதில் சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறதுபோல. உங்கள் பெற்றோரோடு இப்படி எங்காவது போகும்போது, பிள்ளைகளை அவர்களுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ஒத்திகையையும் ஓடி முடிக்காமல் எல்லோரும் ஒன்றாகப் போய்ச் செய்யுங்கள். மண்டபத்திலிருந்து அறைக்கு ஒருமுறை படிகளால் நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்ட் பாவிக்க முடியாது, அம்மாவின் முழங்காலுக்கு எத்தனை மாடி என்பதை அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். எங்களுக்கு மூன்று மாடி. அம்மா இரண்டு இடத்தில் நின்று ஏறினார்.

கரை விலகும்போது

ஐந்தரைக்குக் கயிறுகள் கழன்றன. கப்பல் நகர்வதே தெரியவில்லை, கரைதான் மெல்ல விலகியது. சவுத்தாம்ப்டனிலிருந்து திறந்த கடலுக்குப் போக நல்ல நேரம் எடுக்கும், அது பிள்ளைகளோடு பார்க்க அருமையான நேரம். வலப்பக்கம் ஃபோலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் புகைபோக்கிகள். பிறகு கால்ஷொட் முனை. அதற்கப்பால் பிராம்பிள்ஸ் என்ற மணல்திட்டு தண்ணீருக்கடியில் கிடக்கிறது. இவ்வளவு பெரிய கப்பலும் அதைச் சுற்றிக் கிழக்கே கூர்மையாகத் திரும்ப வேண்டும். உள்ளூர்க் கடலை அறிந்த வழிகாட்டி மாலுமி ஒருவர் கப்டனோடு நின்று வழி சொல்கிறார். வைற் தீவின் கௌஸ் ஊர் கைக்கெட்டும் தூரத்தில் வந்து போனது. கரையில் நின்றவர்கள் கை காட்டினார்கள். மகள் அத்தனை பேருக்கும் திருப்பிக் கை காட்டினாள்.

கரைக்குக் கிட்ட இருக்கும்வரைதான் எங்கள் தொலைபேசிகள் வழக்கம்போல வேலை செய்யும். பிறகு கப்பலின் இணையத்துக்குத் தனியாகக் காசு. யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால் போர்ட்ஸ்மத் தாண்ட முதல் சொல்லிவிடுங்கள். அம்மா மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுக்கச் சொன்னார். ரொறன்ரோவில் அப்போது பகல் ஒரு மணி. மாமா கடை வாசலில் நின்றார்.

"அக்கா, கப்பலிலையோ நிக்கிறியள்? நீங்களோ?"

அம்மா தன் அட்டையைத் திரைக்கு முன்னால் பிடித்தார். காற்றில் சீலைத் தலைப்பு அடித்தது, பாதிப் பேச்சு அவருக்குக் கேட்டிருக்காது. "இஞ்சை பார் தம்பி, எல்லாரையும் எண்ணிப்போட்டுத்தான் வெளிக்கிட்டவங்கள்."

மாமா வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "நல்லது அக்கா" என்றார். "சாப்பிட்டீங்களோ?"

படம் இரண்டு தரம் நின்று நின்று வந்தது, பிறகு அறுந்துவிட்டது. இடப்பக்கம் போர்ட்ஸ்மத் கோபுரம் தெரிந்தது. அம்மாவுக்குத் தேத்தண்ணி வேண்டும் என்றார். மகன் போய் எடுத்துக்கொண்டு வந்தான், இரண்டு சீனியோடு. நான் ஒன்றும் சொல்லவில்லை.